வேலூர் வீட்டில் மாடல் ரயில்: என்ஜினுக்கு முன் அளவுநாடா

மாடல் ரயில் ஆசை வந்தவர்களில் பலர் செய்வது இதுதான். ஒரு என்ஜின் கண்ணில் பட்டதும் வாங்கிவிடுவார்கள். பிறகு அதற்கு ட்ராக் தேடுவார்கள், ட்ராக் வந்ததும் மேசை தேடுவார்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், ஆசைப்பட்ட நீளப் பெட்டி அந்த மேசையின் வளைவில் திரும்பாது என்று தெரியவரும். இந்த வரிசையே தலைகீழ். இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வளைவும் ஸ்கேலும் மின்சாரமும் அடுத்தடுத்து வரட்டும். ரயில் கடைசி.

காட்பாடி, வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதியது இது. விலைகள் எல்லாம் தோராயம். வாங்கும் அன்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இடத்தையும் வளைவையும் ஒன்றாக அளங்கள்

முதலில் ஸ்கேல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எச்.ஓ. என்பது 1:87, அதாவது உண்மை ரயிலின் 87-இல் ஒரு பங்கு, ட்ராக் அகலம் 16.5 மி.மீ. என் (N) ஸ்கேல் என்பது 1:160, ட்ராக் 9 மி.மீ. பிரிட்டிஷ் ஓ.ஓ. ரயில்களும் 16.5 மி.மீ. ட்ராக்கில்தான் ஓடும். ஆனால் உடல் 1:76 அளவு, அதனால் எச்.ஓ. பெட்டிகளின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு சுற்று பருமனாகத் தெரியும். “அதே ட்ராக்தானே” என்று கலந்து வாங்கிவிடாதீர்கள்.

இப்போது பெட்டியின் நீளம். இப்போதைய புது வகை எக்ஸ்பிரஸ் பெட்டியான எல்.எச்.பி.யின் உடல் 23.5 மீட்டர், எச்.ஓ.வில் 27 செ.மீ. பழைய நீல ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர், எச்.ஓ.வில் 24.5 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல குறைந்தது இரண்டரை மடங்கு இருந்தால் ரயில் தடம் புரளாமல் ஓடும், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். எல்.எச்.பி.க்குக் குறைந்தது 67 செ.மீ. ஆரம்.

எல்லோரும் முதலில் நினைப்பது 8-க்கு 4 ப்ளைவுட் ஷீட்டை. அதன் அகலம் 122 செ.மீ. ஓரத்தில் 5 செ.மீ. விட்டால் கிடைக்கும் அதிகபட்ச ஆரம் 56 செ.மீ. முழு நீள எல்.எச்.பி. அதில் திணறும், ஐ.சி.எஃப்.புக்கும் பத்தாது. பாக்ஸ்-என் சரக்கு வேகன் 10.7 மீட்டர், அதாவது 12.3 செ.மீ.தான். அது எந்த வளைவிலும் அலட்டிக்கொள்ளாமல் திரும்பும். 8-க்கு 4 மேசைதான் கைவசம் என்றால் சரக்கு ரயிலோ, நீளம் குறைத்துத் தயாரித்த பெட்டிகளோ வாங்குங்கள். வந்தே பாரத் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

10-க்கு 10 அடி அறையில் 8-க்கு 4 மேசையைப் போட்டால் மனிதர் நடக்க இடமிருக்காது. சுவரோரமாக 45 செ.மீ. அகலப் பலகையைச் சுற்றிக் கொண்டுபோனால் மூலைகளில் 75 செ.மீ. ஆரம் சுலபமாகக் கிடைக்கும், நடுவில் நீங்களும் நிற்கலாம். வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் கழற்றி மாட்டும் பலகை வேண்டும். கை எட்டும் தூரம் 75 செ.மீ. அதைத் தாண்டிய இடத்தில் பாயிண்ட் (ஒரு ட்ராக் இரண்டாகப் பிரியும் இடம்) வைத்தால், அது கெட்ட அன்று மேசை மேல் ஏறிப் படுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடாத மாட்யூல் முறைதான் சரி. ஒரு 8-க்கு 4 ஷீட்டைக் குறுக்கே ஒன்றரை அடிப் பட்டைகளாக அறுக்கச் சொன்னால் நான்கடிக்கு ஒன்றரை அடி அளவில் ஐந்து மாட்யூல் வரும், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டும் மிஞ்சும். ஐந்தையும் போல்ட் போட்டு இணைத்தால் 6 மீட்டர் நீளம். வீடு மாறும்போது ஆட்டோவில் ஏற்றலாம்.

என் ஸ்கேலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ரெடிமேடாகக் கிடைக்கும் ஏழடிக்கு இரண்டரை அடி ஃப்ளஷ் கதவை அப்படியே மேசையாக்கிவிடலாம். 34 செ.மீ. ஆரம் வரை வரும். என் ஸ்கேலில் எல்.எச்.பி. 14.7 செ.மீ., ஆகவே கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் ஓடும். கதவு கனமானது, மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

2. திட்டத்தைத் தரையில் வரையுங்கள்

கணினியில் வரைய ஸ்கார்ம், எக்ஸ்ட்ராக்கேட் போன்ற மென்பொருள்கள் உள்ளன. வரைந்து முடித்த பிறகு பழைய செய்தித்தாள்களை ஒட்டி, உண்மையான அளவில் தரையில் போட்டுப் பாருங்கள். திரையில் தாராளமாகத் தெரிந்த ஸ்டேஷன், தரையில் சட்டென்று சுருங்கிவிடும்.

நடைமேடை நீளத்தை இப்போதே கணக்கிடுங்கள். ஒரு டபிள்யூ.ஏ.பி.-7 என்ஜின் 24 செ.மீ., ஐந்து எல்.எச்.பி. பெட்டிகள் கப்லிங்கோடு 138 செ.மீ. மொத்தம் 1.6 மீட்டர். லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் ட்ராக்) அதைவிட 20 செ.மீ.யாவது நீளமாக இருந்தால்தான் ரயில் பாயிண்டுக்குள் அடங்கி நிற்கும்.

ஏற்றம் 100-க்கு 2-ஐத் தாண்டக் கூடாது. ஒரு ட்ராக்கின் மேலே இன்னொன்று கடக்க எச்.ஓ.வில் 7.5 செ.மீ. உயரம் வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 3.75 மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு 3.75 மீட்டர். 8-க்கு 4 மேசையில் மேம்பாலம் போட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை போடவும்.

எந்த ஊரை மாதிரியாக எடுப்பது? காட்பாடி ஜங்ஷனை அப்படியே கொண்டுவர நினைக்காதீர்கள். அரக்கோணம், ஜோலார்பேட்டை, சித்தூர், வேலூர் கன்டோன்மென்ட் என்று நான்கு பக்கமும் லைன் பிரிகிறது. பாயிண்டுக்கே பட்ஜெட் தீர்ந்துவிடும். காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டிக் கன்டோன்மென்ட் போகும் கிளைதான் சிறிய இடத்துக்குப் பொருத்தம். ஒரு பாலம், ஒரு சிறிய ஸ்டேஷன், பின்னால் பாறை மலை. கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போகும் அந்த லைன் முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. அந்தக் காலத்தையே செய்ய வேண்டும் என்பவர்களுக்கு 1:87-இல் 11.5 மி.மீ. வரும், அதற்குக் கிடைப்பது 12 மி.மீ. ட்ராக். சரக்கு அரிது, விலை அதிகம். முதல் லேஅவுட்டுக்கு வேண்டாம்.

அளவெடுக்கவும் படமெடுக்கவும் ஸ்டேஷனுக்குப் போனால் பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்குங்கள், ஊழியரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

3. வாங்கும் முன் காகிதங்களைத் தயாராக்குங்கள்

உள்ளூர் பொம்மைக் கடையில் கிடைக்கும் பேட்டரி ரயிலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் மின்சாரம் ட்ராக் வழியாக வராது, பிளாஸ்டிக் ட்ராக் எந்த ஸ்கேலோடும் சேராது. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நல்ல எச்.ஓ., என் ஸ்கேல் பொருள்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தயாரிப்பு. இந்தியாவில் இருப்பு வைத்து விற்பவரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. ரசீதும், பழுதானால் கேட்க ஒரு ஆளும் கிடைக்கும். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் முதல் செட்டை அப்படி வாங்குவதே மேல். நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கீழே உள்ளவற்றை ஆர்டர் போடும் முன்பே பாருங்கள்.

சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த மொத்தத்துக்கு. பொம்மைகளுக்கான 9503 தலைப்பில்தான் ஸ்கேல் மாடல்களும் வருகின்றன. அந்தத் தலைப்பின் அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. ஒரு கணக்கு போடுவோம். பொருள் 10,000 ரூபாய், கப்பல் செலவு 3,000. 13,000-க்கு 70 சதவீதம் 9,100. ஆக 22,100. அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,978. மொத்தம் 26,078 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. தனிநபர் பயன்பாட்டுப் பார்சல் என்று கணக்கிட்டால் விகிதம் வேறாகும். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறவும் செய்யும், ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பொருள் விலையைப் போல மூன்று மடங்கு பணம் இல்லாமல் வெளிநாட்டு ஆர்டர் போடக் கூடாது என்பது பாதுகாப்பான கணக்கு.

“பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லு, வரி வராது” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தபாலிலும் கூரியரிலும் வரும் பரிசுப் பொருள்களுக்கான அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அதைவிட மோசம். பார்சல் நின்றுவிடும், அபராதமும் வரும்.

எடுத்து வைக்க வேண்டியவை: விலைப்பட்டியல், பணம் செலுத்தியதற்கான வங்கி ஆதாரம், பொருளின் பக்கத்தை அச்செடுத்த தாள், ஆதார் அல்லது பான். இதில் நம்மூர்க்காரர்கள் மாட்டுவது இனிஷியலில். ஆர்டரில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பானில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் கூரியர்காரர் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார், நாள் ஓட ஓடக் கிடங்குக் கட்டணமும் ஏறலாம். ஆதாரில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் ஆர்டர் போடுங்கள். முகவரியில் பின்கோடும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஸ்கேல் மாடல் பெட்டிகளில் “14 வயதுக்கு மேல்” என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். அது தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேள்வி வந்தால் காட்டலாம்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே திறந்துவிட வேண்டும். நாணய மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பார்சல் கைக்கு வர மூன்று முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் ட்ராக் (வேண்டியபடி வளைத்துப் போடும் ட்ராக்) 91 செ.மீ. நீளம், வழியில் வளைந்தால் பிறகு நேராகாது. அட்டைக் குழாயிலோ மரச் சட்டத்தோடோ கட்டச் சொல்லுங்கள். துண்டு துண்டான செட் ட்ராக்கில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் ஓட்டிப் பாருங்கள்.

பழைய பொருள் வாங்கினால் இரண்டு சோதனை. மார்க்லின் மூன்று தண்டவாள ஏ.சி. முறைப் பெட்டிகளின் சக்கரங்களுக்கு நடுவே காப்பு இருக்காது, சாதாரண ட்ராக்கில் வைத்தால் ஷார்ட் ஆகும். ட்ராக்கில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, நம்மூர் ஐப்பசி மழைக்குத் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் ட்ராக்கில் காந்தம் ஒட்டாது, அதைத்தான் வாங்க வேண்டும்.

4. பிளக்கில் சொருகும் முன் வோல்டேஜ் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் என்ஜின் ஓடும் முன்பே பணத்தை எரிப்பது இங்கேதான். அமெரிக்கச் சந்தைக்கான செட்டுகளில் 120 வோல்ட் பவர் பேக் இருக்கும். நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சொருகினால் சில நொடியில் புகை. முனை மாற்றும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. பவர் பேக்கின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். “100–240” என்றிருந்தால் பயமில்லை. “120” மட்டும் என்றால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அதற்குப் பதில்: 12 வோல்ட், 2 ஆம்பியர் நல்ல அடாப்டர், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பி.டபிள்யூ.எம். மோட்டார் கன்ட்ரோலர், திசை மாற்ற ஒரு டி.பி.டி.டி. சுவிட்ச், நடுவில் 2 ஆம்பியர் ஃப்யூஸ். 1,000 ரூபாய்க்குள் முடியலாம். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும், காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். குறைந்த அதிர்வெண் கன்ட்ரோலரில் மோட்டார் ‘ர்ர்’ என்று உறுமும், கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு இல்லாத வகை) என்றால் சூடேறும். அத்தகைய என்ஜினுக்கு இதைத் தவிருங்கள்.

ஒரே ட்ராக்கில் இரண்டு என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்றால் டி.சி.சி. முறை, அதாவது ட்ராக் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனிக் கட்டளை அனுப்புவது. என்ஜினுக்குள் அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடர் வேண்டும்: வாங்கும்போதே 8 பின், 21 பின், 6 பின் இவற்றில் எந்த சாக்கெட் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது டிகோடரின் முகவரி 3 என்றே வரும். இரண்டாவது என்ஜினுக்கு அதை மாற்றாவிட்டால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

கைவேலை தெரிந்தவர்கள் ஆர்டுயினோ மெகாவும் மோட்டார் ஷீல்டும் வைத்து டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற திறந்த மென்பொருளில் கன்ட்ரோலர் செய்துகொள்ளலாம், கைபேசியிலிருந்தே ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: ஆர்3 வகை ஷீல்டின் பின்புறம் உள்ள ‘வின் கனெக்ட்’ இணைப்பைக் கத்தியால் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் ஷீல்டுக்கு 14, 15 வோல்ட் கொடுத்தால் அது நேராக ஆர்டுயினோவுக்குள் போய் அதைக் காலி செய்துவிடும்.

5. மேசை

12 மி.மீ. ப்ளைவுட், கீழே ஒன்றுக்கு இரண்டு அங்குல ரீப்பர் சட்டம், 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை. ஷீட் 2,500 முதல் 4,000 ரூபாய், ரீப்பரும் ஸ்க்ரூவும் 2,000 சுமார். கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள், வீட்டில் கைரம்பத்தால் நேராக வராது. ப்ளைவுட்டின் இரண்டு பக்கமும், அறுத்த ஓரங்களும் பிரைமர் குடிக்க வேண்டும். மேல் பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் பலகை கிண்ணம்போல வளையும். கரையான் உள்ள வீடு என்றால் சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறை வேண்டாம். சித்திரை வெயிலில் அங்கே பிளாஸ்டிக் உடல்கள் நெளிந்துவிடும். மேசை வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டால் மரம் காய்ந்திருக்கும், பெயின்டும் சீக்கிரம் உலரும்.

6. ட்ராக் போடுதல்

பலகை மேல் 3 மி.மீ. கார்க் ஷீட், அதன் மேல் ட்ராக். கார்க் இல்லாமல் நேராகப் பலகையில் அடித்தால் பலகை முழுக்க மத்தளம்போல் அதிரும். கார்க்கை வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டுங்கள். தெர்மாகோல் உள்ள இடத்தில் மஞ்சள் ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட் இரண்டும் கிட்டவே வரக் கூடாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

வெயில் கணக்கு முக்கியம். நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 1 மி.மீ. நீளும். மார்கழிக் காலையில் இடைவெளியே விடாமல் எல்லா மூட்டையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கத்திரி வெயிலில் ட்ராக் பாம்புபோல நெளியும். நேர்ப்பகுதியில் மீட்டருக்கு ஒரு மூட்டில் அரை மி.மீ. விடுங்கள், அந்த மூட்டைப் பற்றவைக்க வேண்டாம். வளைவில் வரும் ஃப்ளெக்ஸ் ட்ராக் மூட்டை மட்டும் பற்றவைத்துவிட்டு வளையுங்கள், இல்லாவிட்டால் அங்கே முட்டி தட்டும். வெயில் நாளில் ட்ராக் போடுபவர் இடைவெளியைக் குறைத்தால் போதும்.

ஒவ்வொரு மூட்டையும் கண்ணை மூடி விரல்நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்கும் இடத்தில் சக்கரமும் தடுக்கும். ஒரு வளைவிலிருந்து நேராக எதிர்வளைவுக்குப் போகாதீர்கள், நடுவில் ஒரு பெட்டி நீளமாவது நேர் ட்ராக் வேண்டும். பாயிண்டுக்கு அடியில் பசை கூடவே கூடாது.

நடைமேடையின் உயரத்தில் பலர் தவறுவார்கள். இந்திய உயர் நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து எச்.ஓ.வில் சுமார் 9 மி.மீ. கார்க் 3, ட்ராக் 5 சேர்த்தால் பலகையிலிருந்து 17 மி.மீ. விளிம்பு ட்ராக்கின் நடுவிலிருந்து 21 அல்லது 22 மி.மீ. தள்ளியிருக்கட்டும். ஒட்டும் முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியை உருட்டிப் பாருங்கள்.

7. வயரிங்

தண்டவாள மூட்டுகளை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். ஆறு மாதத்தில் மூட்டு தளர்ந்து, ரயில் தூரத்து மூலையில் மூச்சுவாங்கும். மேசைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயர் இரண்டு நிறத்தில் முழு நீளத்துக்கும் ஓடட்டும். மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய வயரை (ஃபீடர்) அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஏற்றுங்கள். சிவப்பு எந்தத் தண்டவாளம், கறுப்பு எந்தத் தண்டவாளம் என்பதைப் பலகையிலேயே எழுதி வையுங்கள். அடியில் படுத்துப் பார்க்கும்போது இடது வலதாகும்.

பற்றவைப்பில் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். ஆசிட் ஃப்ளக்ஸ் பச்சை பூத்து வயரை அரிக்கும். முதலில் வயரிலும் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலும் தனித்தனியாக ஈயம் பூசுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று நொடிக்குள் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது.

எலெக்ட்ரோஃப்ராக் வகைப் பாயிண்டாக (நடுமுனையிலும் மின்சாரம் ஓடும் வகை) இருந்தால் நடுவில் சேரும் இரண்டு தண்டவாளங்களுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் போட வேண்டும், மறந்தால் ஷார்ட். ட்ராக் சுற்றி வந்து தன்னோடே எதிர்த்திசையில் சேரும் ரிவர்ஸ் லூப்பும் ஷார்ட்தான். முதல் லேஅவுட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது.

டி.சி.சி. என்றால் நாணயச் சோதனை செய்யுங்கள். மீட்டருக்கு ஓர் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்திலும் படும்படி வையுங்கள். கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் வயர் போதவில்லை என்று பொருள், அங்கே இன்னொரு ஃபீடர் ஏற்றுங்கள். அப்படியே விட்டால் ரயில் தடம் புரளும் நாளில் சக்கரம் சூடாகி பிளாஸ்டிக் உருகும்.

மின்வெட்டுக்கு: சதுர அலை இன்வெர்ட்டரில் ட்ரான்ஸ்பார்மர் வகைப் பவர் பேக்கை ஓட்டாதீர்கள், ரீங்கரித்துச் சூடாகும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராக பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்குக் கொடுக்கலாம்.

இயற்கைக் காட்சி தொடங்கும் முன் இரண்டு வாரம் வெறும் ட்ராக்கில் ஓட்டுங்கள். எல்லாப் பெட்டிகளையும் முன்னால் இழுத்தும் பின்னால் தள்ளியும் பாருங்கள். தள்ளும்போதுதான் கோளாறுகள் வெளியே வரும்.

8. மண், பாறை, மரம்

இந்தக் கட்டத்தில் நமக்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். ஜல்லியில் தொடங்குவோம். ரயில்வே ஜல்லி 20 முதல் 65 மி.மீ., எச்.ஓ.வில் கால் முதல் முக்கால் மி.மீ. நம்மூர் கிரஷர் தூளே நிறத்திலும் சரியாக வரும், கருங்கல்தானே. முதலில் கொசுவலைத் துணியில் சலித்துப் பெரியதைத் தள்ளுங்கள், பிறகு டீ வடிகட்டியில் சலித்து மாவை நீக்குங்கள். கழுவிக் காயவைத்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தைத் தூளின் மேல் மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டி வரும். அவற்றை எடுக்காவிட்டால் என்ஜின் மோட்டாரின் காந்தம் எடுத்துக்கொள்ளும், பல்சக்கரம் அரைபடும். ஆற்று மணலுக்கும் இதே வேலை.

தூளை ட்ராக்கில் தூவித் தூரிகையால் சமமாக்கி, தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளியுங்கள். பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து மருந்துச் சொட்டியால் விடுங்கள். ஈரமாக்காமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு ஜல்லியைக் கிளப்பிவிடும். ஒரு நாள் முழுக்க உலரட்டும். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டிய துகள்களைப் பல்குச்சியால் நீக்குங்கள்.

மலைக்கு: தெர்மாகோலை உருண்டைப் பாறைகளாகச் செதுக்கி, சுவர்ப் பட்டி பூசுங்கள். வேலூர் மலை பச்சை மலை அல்ல. சாம்பலில் லேசான செம்மை, மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், இடுக்குகளில் மட்டும் காய்ந்த புல். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பச்சைப் பசேல் என்று அடித்தால் ரயில் வேறு நாட்டுக்குப் போய்விடும். பாலாற்றுக்கும் தண்ணீர் வார்க்க வேண்டியதில்லை, சலித்த மணலும் ஓரத்தில் சீமைக்கருவேலப் புதரும் போதும். புதருக்குத் தேங்காய் நார், நிறத்துக்குப் போஸ்டர் கலர். டீத்தூள் சக்கையை மண்ணாகப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு நாள் வெயிலில் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பனைமரம் 15 மீட்டர் என்றால் 17 செ.மீ. மூங்கில் குச்சியை மரமாக்கலாம். மின்கம்பங்களுக்கு ஈர்க்குச்சி. ரயில்வே மின்கம்பங்களுக்கு இடையே நேர்ப்பகுதியில் அதிகபட்சம் 72 மீட்டர், எச்.ஓ.வில் 83 செ.மீ. நெருக்கி வைத்தால் ரயில் வேகமாகப் போவதுபோல் தெரியும், ஆகவே 50 செ.மீ. வைத்தாலும் குற்றமில்லை. கம்பியை விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யும் கை ஒவ்வொரு முறையும் அதில்தான் மாட்டும்.

9. தூசு, பல்லி, எண்ணெய்

ஓட்டாத நேரத்தில் பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை அடைத்துவைக்கும். பல்லி எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் அங்கே மின்சாரம் நிற்கும், ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

ஓட்டும் முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும் வரை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, விளக்கு எரியும் இடத்தைவிட்டுத் தள்ளிச் செய்யுங்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். சக்கரத்துக்கு: அதே திரவத்தில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் மேல் போட்டு, என்ஜினின் ஒரு பக்கச் சக்கரங்களை அதில் நிறுத்தி, மறுபக்கத்தை வெறும் ட்ராக்கில் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஓடாதபடி கையால் பிடித்துக்கொண்டால் பத்து நொடியில் கறுப்புக் கோடுகள் விழும். பிறகு என்ஜினைத் திருப்பி மறுபக்கம்.

எண்ணெய் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். பூட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மோட்டாருக்குள் அடித்தால் உள்ளிருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் என்ஜின்களைப் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழை விட்டதும் முதல் வேலையாக மூட்டுகளை மறுபடி நகத்தால் தடவிப் பாருங்கள், பலகை எங்கே ஊதியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.